கடலோரத்தில் இருந்துகொண்டு ஸ்டார் ட்ரெக் நாவல்களைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

கீழக்கரை, ராமநாதபுரம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் என்று நம் கரையில் இருந்துகொண்டு ஸ்டார் ட்ரெக் நாவல்களைப் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இரண்டு இடைஞ்சல்கள் உண்டு. நூற்றுக்கணக்கில் கிடக்கும் நாவல்களில் எதை முதலில் எடுப்பது என்று சொல்லித்தர ஆள் இல்லை என்பது ஒன்று. எடுக்க நினைத்த புத்தகம் கைக்கு வந்து சேர நாளும் பணமும் ஆகிறது என்பது மற்றொன்று. சென்னையில் இருப்பவர் பொருந்தாத புத்தகத்தை எடுத்துவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். நமக்கோ ஒரு பார்சலின் செலவும் பல வாரக் காத்திருப்பும் வீணாகிவிடும். ஆகவே தேர்வை முதலில் முடித்துவிட்டுப் பிறகு பணத்தை எடுங்கள் என்பதே நான் சொல்ல வருவது. 1966 முதல் 1969 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த, ஒரு விண்கலத்தின் பயணங்களைச் சொல்லும் மூலத் தொடரை ஒட்டிய நாவல்களைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் ஏழு எபிசோடுகளைப் பாருங்கள்

மூலத் தொடரில் மூன்று பருவங்களும் 79 எபிசோடுகளும் உள்ளன. அனைத்தையும் பார்த்த பிறகுதான் நாவலைத் தொட வேண்டும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் நாவல் வரைக்கும் வருவதே இல்லை. கேப்டன் கிர்க், ஸ்பாக், மருத்துவர் மெக்காய் ஆகிய மூவரின் பேச்சும் குணமும் மனத்தில் பதிந்துவிட்டால் போதும். நாவலாசிரியர்கள் அந்த மூவரையும் நமக்கு அறிமுகம் செய்துவைக்க மெனக்கெடுவதில்லை.

நான் பரிந்துரைப்பவை இவை: எதிரி இனமான ரோமுலன்கள் முதன்முதலாக வரும் 'பேலன்ஸ் ஆஃப் டெரர்' (1966), கான் என்ற எதிரியின் கதையான 'ஸ்பேஸ் சீட்' (1967), இன்னோர் எதிரி இனமான கிளிங்கான்கள் முதலில் தோன்றும் 'எர்ரண்ட் ஆஃப் மெர்ஸி' (1967), காலப் பயணக் கதையான 'தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்' (1967), ஸ்பாக்கின் பிறந்த உலகத்தைக் காட்டும் 'அமோக் டைம்' (1967), அவருடைய பெற்றோர் வரும் 'ஜர்னி டு பேபல்' (1967), மூன்றாம் பருவத்தின் 'ஆல் அவர் யெஸ்டர்டேஸ்' (1969). கீழே நான் சொல்லும் நாவல்கள் பெரும்பாலும் இவற்றில் ஏதோ ஒன்றில் வேர் விட்டவை. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்பதால் ஒரு வாரத்தில் இந்தப் படியைத் தாண்டிவிடலாம்.

2. திரையில் வந்த கதையா, புதிய கதையா என்று பாருங்கள்

முதன்முறை வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். அட்டையில் ஒரே பெயரும் ஒரே விண்கலமும் இருந்தாலும் உள்ளே இருப்பவை இரண்டு வேறு வகைகள்.

முதல் வகை, திரையில் வந்ததையே எழுத்தில் சொல்பவை. ஜேம்ஸ் பிளிஷ் 1967 முதல் எழுதி, 1975இல் அவர் இறந்த பிறகு மனைவியால் நிறைவு செய்யப்பட்டு, 1977 வரை பாண்டம் பதிப்பகம் வெளியிட்ட 12 தொகுதிகள் இந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றில் ஒவ்வொரு எபிசோடும் ஒரு சிறுகதை அளவுக்குச் சுருங்கியிருக்கும். பிளிஷ் ஒளிபரப்பைப் பார்த்து எழுதாமல் படப்பிடிப்புக்கு முந்தைய திரைக்கதைப் பிரதிகளை வைத்து எழுதியதால், குறிப்பாகத் தொடக்கத் தொகுதிகளில், திரையில் கண்டதற்கும் இவற்றுக்கும் வேறுபாடுகள் இருக்கும். அவற்றை அச்சுப் பிழை என்று எண்ண வேண்டாம். 1973–74இல் வந்த அசைபடத் தொடரின் 22 எபிசோடுகளை ஆலன் டீன் ஃபாஸ்டர் 'ஸ்டார் ட்ரெக் லாக்' என்ற தலைப்பில் பத்துத் தொகுதிகளாக எழுதினார். முதல் ஆறு தொகுதிகளில் தொகுதிக்கு மூன்று கதைகளும், கடைசி நான்கில் ஒரே கதை விரிவாகவும் இருக்கும்.

இரண்டாம் வகை, திரையில் வராத புதிய கதைகள். பெரியவர்களுக்கான முதல் புதிய நாவலை 1970இல் எழுதியவரும் பிளிஷ்தான். ஆனால் இந்த வகை தழைத்தது பாக்கெட் புக்ஸ் பதிப்பகம் உரிமையைப் பெற்று 1981 முதல் புதிய நாவல்களை வெளியிடத் தொடங்கிய பிறகே. என் கருத்தில் புதியவர் தொடங்க வேண்டிய இடம் 1981க்கும் 1988க்கும் இடைப்பட்ட காலம். அப்போது கதையின் எல்லைகள் இறுகிவிடவில்லை. எழுத்தாளர்கள் தங்களுக்கென்று ஓர் உலகத்தைக் கட்டிக்கொள்ள இடம் இருந்தது.

3. அட்டையில் உள்ள எண்ணைப் பொருட்படுத்தாதீர்கள்

பாக்கெட் புக்ஸ் நாவல்களின் அட்டையில் ஓர் எண் இருக்கும். அது வெளியான வரிசையைக் குறிப்பது. கதை நடக்கும் வரிசைக்கும் அதற்கும் தொடர்பில்லை. எண் ஒன்றிலிருந்து வரிசையாகச் சேர்க்கப் புறப்பட்டால் சாதாரணமான பல நாவல்களுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு நல்லவற்றை எட்டுவதற்கு முன்பே சலித்துப்போவீர்கள். பெரும்பாலான நாவல்கள் தனித்தனியே முழுமையானவை.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். திரையில் வந்தது மட்டுமே அதிகாரபூர்வமான கதை என்பது இந்தத் தொடரின் உரிமையை வைத்திருப்பவர்களின் நிலைப்பாடு. ஆகவே ஒரு நாவல் சொன்னதை அடுத்த நாவலோ பிற்காலத் திரைப்படமோ மறுக்கலாம். அந்த முரணைத் தீர்க்க முயல வேண்டியதில்லை.

4. முதலில் வாங்க வேண்டிய நாவல்கள்

வோண்டா மெக்கின்டையரின் 'தி என்ட்ரபி எஃபெக்ட்' (1981) தொடக்கத்துக்கு மிகப் பொருத்தமானது. ஸ்பாக் ஒரு விண்வெளி நிகழ்வை ஆராய்ந்துகொண்டிருக்கும்போது வேலை பாதியில் நிறுத்தப்படுகிறது. கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பான ஓர் அறிவியலாளரை ஏற்றிச் செல்லும்படி கலத்துக்குக் கட்டளை வருகிறது. சிறிது நேரத்தில் கிர்க் கொல்லப்படுகிறார். நடந்ததை மாற்ற ஸ்பாக் காலத்தில் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது. சூலு என்று மட்டுமே அறியப்பட்டிருந்த பாத்திரத்துக்கு ஹிகாரு என்ற முதற்பெயரை வைத்தது இந்த நாவல்தான். பத்தாண்டுகள் கழித்து 1991இல் வெளியான ஆறாவது திரைப்படம் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது.

அடுத்தது ஏ. சி. கிறிஸ்பினின் 'யெஸ்டர்டேஸ் சன்' (1983). இதைத் தொடுவதற்கு முன் 'ஆல் அவர் யெஸ்டர்டேஸ்' எபிசோடைக் கட்டாயம் பார்த்திருக்க வேண்டும். பனி உறைந்த கடந்த காலத்தில் ஸ்பாக் விட்டுவந்த பெண்ணுக்கு ஒரு மகன் பிறந்திருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியிலிருந்து கதை எழுகிறது. மகனைத் தேடிப் போகும் வழி 'தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்' எபிசோடில் இருக்கிறது. இரண்டையும் பார்க்காமல் படித்தாலும் கதை புரியும். ஆனால் அப்பனும் மகனும் எதிரெதிரே நிற்கும் இடங்களின் கனம் தெரியாது.

நம் பகுதி வாசகருக்கு நான் தனியாகச் சொல்ல விரும்புவது ஜேனட் ககனின் 'உஹுராஸ் சாங்' (1985). பூனையை ஒத்த ஓர் இனத்தைக் கொள்ளைநோய் தாக்குகிறது. மருந்து அந்த இனத்தவர் முன்பு வாழ்ந்து நீங்கிய உலகத்தில் கிடைக்கலாம். அந்த உலகம் எங்கே இருக்கிறது என்பதற்கான தடயம், கலத்தின் தகவல்தொடர்பு அதிகாரியான உஹுரா தன் தோழியிடமிருந்து கற்றுக்கொண்ட பழைய பாடல்களுக்குள் ஒளிந்திருக்கிறது. வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, வேலையையும் வழியையும் ஒரு பாட்டு சுமந்து செல்ல முடியும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நடுவில் காட்டுக்குள் நடக்கும் பகுதி நீளமானதுதான், பொறுமையாகக் கடந்துவிடுங்கள்.

ஜான் எம். ஃபோர்டின் 'தி ஃபைனல் ரிஃப்ளெக்ஷன்' (1984) கிளிங்கான்களின் பக்கத்திலிருந்து சொல்லப்படும் கதை. கிர்க்கும் தோழர்களும் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமே எட்டிப்பார்ப்பார்கள் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு எடுங்கள். இதில் வரும் கிளிங்கான் பண்பாடு 1987க்குப் பிந்தைய தொலைக்காட்சித் தொடர்களில் காட்டப்பட்டதிலிருந்து வேறுபட்டது. ஆனாலும் அதைவிட ஆழமானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆசிரியர் பலவற்றை வெளிப்படையாகச் சொல்லாமல் விடுவதால் நடை கடினமாக இருக்கும். நான்காவது அல்லது ஐந்தாவது நாவலாக வைத்துக்கொள்ளுங்கள்.

டயேன் டுவேன் எழுதியவற்றில் இரண்டு பாதைகள் இருக்கின்றன. 'ஸ்பாக்ஸ் வேர்ல்டு' (1988) தனி நாவல். ஸ்பாக்கின் பிறந்த உலகமான வல்கன், பல உலகங்களின் கூட்டமைப்பிலிருந்து விலகுவதா என்ற விவாதமும் அந்த உலகத்தின் வரலாறும் மாறி மாறி வரும். 'மை எனிமி, மை அல்லை' (1984) ரோமுலன் தளபதி ஒருத்தியின் கதை. அது 2006 வரை நீண்டு மொத்தம் ஐந்து நாவல்களாக முடிகிறது. இந்த ஐந்தையும் வரிசை மாற்றிப் படிக்கக் கூடாது.

5. ஒரே அட்டைக்குள் பல நாவல்கள் இருக்கும் பதிப்புகளைத் தேடுங்கள்

பார்சல் செலவு நமக்குப் பெரிய சுமை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பாக்கெட் புக்ஸ் பழைய நாவல்களை இணைத்துத் தொகுப்புகளாக வெளியிட்டிருக்கிறது. 'சாண்ட் அண்ட் ஸ்டார்ஸ்' (2004) என்பதில் 'ஸ்பாக்ஸ் வேர்ல்டு' நாவலும், கிறிஸ்பின் எழுதிய 'சாரெக்' நாவலும் இருக்கின்றன. 'தி ஹேண்ட் ஆஃப் காலெஸ்' (2004) என்பதில் 'தி ஃபைனல் ரிஃப்ளெக்ஷன்' அடங்கியிருக்கிறது. டுவேனின் ரோமுலன் வரிசையில் முதல் நான்கும் 'தி பிளட்விங் வாயேஜஸ்' (2006) என்ற ஒரே புத்தகமாக வந்தன. ஐந்தாவதான 'தி எம்ப்டி சேர்' நாவலைத் தனியாக வாங்க வேண்டும்.

'டூட்டி, ஆனர், ரிடெம்ப்ஷன்' (2004) தொகுப்பில் இரண்டு, மூன்று, நான்காம் திரைப்படங்களுக்கு மெக்கின்டையர் எழுதிய நாவல் வடிவங்கள் மூன்றும் உள்ளன. நான்காவது கதையில் அழிந்துபோன திமிங்கலங்களைத் தேடி எதிர்கால மனிதர்கள் 1986க்கு வருகிறார்கள். மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா நிறுவப்பட்டதும் அதே 1986இல்தான். கடற்பசுவான ஆவுளியாவைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்ட ஊர்க்காரர்கள் அந்த நாவலை ஒதுக்கிவிடக் கூடாது.

இங்கே ஒரு பொறி உண்டு. தொகுப்பின் பெயர் புதிதாக இருப்பதால், ஏற்கெனவே வைத்திருக்கும் நாவலையே மறுபடியும் வாங்கிவிட நேரும். விற்பனைப் பக்கத்தில் அட்டைப் படம் ஒன்றும் அனுப்பப்படும் புத்தகம் வேறொன்றுமாக இருப்பதும் உண்டு. ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாக உள்ள ஐஎஸ்பிஎன் எண்ணை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். 2007க்கு முந்தைய புத்தகங்களில் பெரும்பாலும் பத்து இலக்க எண்தான் அச்சிடப்பட்டிருக்கும் என்பதால், விற்பவரிடம் பதிப்புரிமைப் பக்கத்தின் புகைப்படத்தைக் கேட்டு வாங்குவது நல்லது.

6. எங்கே தேடுவது

முதலில் ராமநாதபுரம் மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகுங்கள். முகவரிச் சான்றின் நகல், புகைப்படம், திரும்பப் பெறக்கூடிய காப்புத்தொகை, சிறிய சந்தா ஆகியவற்றோடு வேலை முடிந்துவிடும். ஆங்கிலப் புனைவு அடுக்கில் தொடரின் பெயரை வைத்துத் தேடுவதைவிட ஆசிரியர் பெயரை வைத்துத் தேடுங்கள். கிடைக்காவிட்டாலும் பிற அறிவியல் புனைவுகளைப் படித்து அந்த ஆங்கிலத்துக்குப் பழகிக்கொள்ள அந்த அடுக்கு உதவும். மதுரைக்குப் போகும் வேலை இருந்தால் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

பழைய புத்தகக் கடைகளில் இந்த நாவல்கள் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. சென்னையில் ஜனவரியை ஒட்டி நடக்கும் புத்தகக் காட்சிக்குப் போகிறவர்கள் அரங்கத்துக்கு வெளியே நடைபாதையில் குவித்திருக்கும் புத்தகங்களையும் கிளறிப் பார்க்க வேண்டும். கைக்குள் அடங்கும் சிறிய வடிவம், மஞ்சளேறிய தாள், முதுகில் ஆங்கிலத்தில் தொடரின் பெயர் ஆகியவை அடையாளம். எடுத்தவுடன் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நடுப்பக்கத்தை மெல்லத் திறந்து முதுகுப் பசை விடுகிறதா என்று சோதியுங்கள்.

மின்னூல்தான் நமக்கு எளிய வழி. மேலே சொன்ன நாவல்களில் பல மின்னூலாகவும் வந்தவை. வாங்குவதற்கு முன் இலவச மாதிரிப் பகுதியை இறக்கிப் படித்துவிட்டு நடை பிடிக்கிறதா என்று முடிவு செய்யலாம். ஒருமுறை இறக்கிவிட்டால், சிக்னல் எட்டாத இடத்திலும் படிக்கலாம். அமெரிக்க வாசகர்கள் பேசிக்கொள்ளும் சலுகை விலை நம் கணக்குக்கும் உண்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தியக் கணக்கில் உள்நுழைந்த பிறகு காட்டும் விலையே விலை.

7. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதற்கான ஆவணங்கள்

அச்சுப் புத்தகம்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், பணம் கட்டுவதற்கு முன்பே நான்கைத் தயாராக வையுங்கள்: ஆதார் அல்லது பான் அட்டையின் நகல், விற்பவர் தரும் விலைச்சீட்டு, பணம் செலுத்தியதற்கான சான்று, சரியான முகவரி. கூரியர் வழியாக வரும் பார்சலுக்குச் சுங்கத் துறை பெறுநரின் அடையாளத்தைக் கேட்கும். ஆதாரில் 'முகம்மது' என்று முழுமையாக இருந்து ஆர்டரில் சுருக்கெழுத்து மட்டும் இருந்தால், அல்லது தலைப்பெழுத்து முன்னும் பின்னும் மாறியிருந்தால், பார்சல் அங்கேயே நின்றுவிடும். ஆர்டர் செய்யும்போதே ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பெயரைத் தட்டச்சு செய்யுங்கள்.

முகவரியில் பின்கோடு மிக முக்கியம். மண்டபமும் மண்டபம் கேம்ப்பும் ஒன்றே என்று நாம் பேச்சில் சொன்னாலும் அஞ்சல் துறைக்கு அவை வேறு வேறு: மண்டபத்துக்கு 623518, மண்டபம் கேம்ப்புக்கு 623519. ராமேஸ்வரம் 623526, கீழக்கரை 623517. வீட்டு எண் இல்லாத தெருக்களில் வசிப்பவர்கள் பள்ளிவாசல், கோயில், தேவாலயம் என்று ஏதேனும் ஓர் அடையாளத்தையும், பகலில் எடுக்கப்படும் கைப்பேசி எண்ணையும் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

வங்கி அட்டையையும் முன்பே சரிபாருங்கள். 2020ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தொடக்கத்தில் மூடியே இருக்கும். வங்கிச் செயலியில் அதைத் திறந்து, ஒரு வரம்பையும் வைத்துவிட்டு, வாங்கி முடித்ததும் மூடிவிடுங்கள்.

8. செலவைக் கணக்கிடும் முறை

புத்தகத்தின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். விலை, அனுப்பும் கட்டணம், வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம், சுங்கவரி, கூரியர் நிறுவனம் சுங்க வேலைக்காக வாங்கும் கையாளல் கட்டணம் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். அச்சிட்ட புத்தகத்துக்கு நம் நாட்டில் ஜிஎஸ்டி இல்லை. ஆனால் இறக்குமதிப் புத்தகங்களுக்கு 2019 நிதிநிலை அறிக்கையில் 5 விழுக்காடு சுங்கவரி விதிக்கப்பட்டது. அச்சுப் பதிப்பும் உள்ள மின்னூலுக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. ஒற்றைப் புத்தகத்தை வரவழைத்தால் கையாளல் கட்டணம் வரியையே மிஞ்சிவிடலாம். எனவே இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரே விற்பனையாளரிடம் ஒரே பார்சலாக வாங்குங்கள். அஞ்சல் வழியாக வந்தால் தபால்காரர் கையில் வரியைக் கட்டித்தான் வாங்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களிடம் முன்பே சொல்லிப் பணத்தைக் கொடுத்து வையுங்கள்.

9. எந்த மாதத்தில் வரவழைப்பது

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் பார்சல் வந்து சேரும்படி ஆர்டர் செய்யாதீர்கள். காகித உறையில் வரும் பழைய நாவல் ஒரு நனைப்புக்கே வீங்கிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால், விசைப்படகுத் தொழிலை நம்பியுள்ள வீடுகளில் படிக்க நேரம் கிடைக்கும் காலம் அது. ஆனால் கையில் காசு குறையும் காலமும் அதுதான். ஆகவே தடைக்காலத்தில் படிக்க வேண்டியதைப் பிப்ரவரியிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

10. வந்த புத்தகத்தைக் காப்பாற்றுவது

எண்பதுகளின் பாக்கெட் நாவல்கள் மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சானவை. உப்புக்காற்றும் ஈரமும் பட்டால் தாள் பழுப்பேறி ஓரம் உதிரும். வந்த அன்றே உறையைப் பிரித்து, மின்விசிறிக் காற்றில் நிற்கும் நிலையில் ஓர் இரவு வையுங்கள். வெயிலில் காயவைத்தால் முதுகுப் பசை விறைத்து வெடித்துவிடும். படிக்கும்போது புத்தகத்தை முழுவதும் மடித்துத் திறக்காமல் பாதியளவே விரியுங்கள். கடலைப் பார்த்த சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், துணியில் முடிந்த வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும் போட்டு வைத்தால் ராமபாணப் பூச்சி அண்டுவது குறையும். மருந்துப் புட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பைகளைத் தூக்கி எறியாமல் அதே டப்பாவில் போடுங்கள்.

11. இவற்றை முடித்த பிறகு

மூலத் தொடரின் காலத்திலேயே நடக்கும் 'வேன்கார்டு' வரிசை 2005இல் 'ஹார்பிஞ்சர்' என்ற நாவலோடு தொடங்கி 2012 வரை வந்தது. விண்வெளி நிலையம் ஒன்றை மையமாகக் கொண்டது. கிர்க்கின் கலம் எப்போதாவது வந்துபோகும். வரிசையாகப் படிக்க வேண்டியது என்பதால் முதல் நாவலை மின்னூலாக வாங்கிப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் பணம் ஒதுக்குங்கள். 2001இல் 'அவதார்' நாவல்களோடு தொடங்கி 2021இல் 'கோடா' மூன்று நாவல்களோடு முடிந்த நீண்ட தொடர்ச்சி ஒன்றும் உண்டு. அது 1987க்குப் பிந்தைய தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்தவர்களுக்கானது. அந்தத் தொடர்களைப் பார்க்காமல் அதில் ஒரு புத்தகத்தைக்கூட வாங்காதீர்கள்.